பத்திரிகை அடிச்ச பிறகு வர்ற பயம் – வாசகர் கேள்வி பதில்

தை முகூர்த்தம் நெருங்குறதாலயோ என்னவோ, இந்த மாசம் வந்த கடிதங்கள்ல முக்காவாசி கல்யாணத்தப் பத்தித்தான், அதுலயும் தேதி குறிச்சு பத்திரிகை அடிச்ச பிறகு மனசுல வர்ற பயத்தப் பத்தித்தான். அதனால மத்த கேள்விகள எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். பேர் போட வேணாம்னு எல்லாருமே கேட்டிருந்தீங்க, போடல.

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயசு. பிடிஓ வீட்டுக்காக, அதான் எச்டிபி கட்டித் தர்ற புது அரசாங்க வீட்டுக்காக, நாங்க ஆர்ஓஎம், அதாவது சட்டப்படியான கல்யாணப் பதிவ, முன்னாடியே பண்ணிட்டோம், சாவி வாங்கியாச்சு, ரெனவேஷன் போய்க்கிட்டு இருக்கு, கோயில்ல தாலி கட்ட இன்னும் ரெண்டு மாசம்தான். போன வாரம் டைல்ஸ் பாக்கப் போனோம். நான் சாம்பல் கலர் எடுத்தேன், அவருக்கும் புடிச்சிருந்துச்சு, உடனே அவங்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாரு. அத்தை "வெளிச்சத்துல காட்டுப்பா, இன்னும் கிட்ட காட்டு"ன்னு சொல்லச் சொல்ல இவரு டைல்ஸத் தூக்கிக்கிட்டு கடை வாசல் வரைக்கும் போயிட்டாரு, கான்ட்ராக்டர் கையில பேனாவ வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குறாரு. கடைசில சந்தனக் கலர்தான் ஆர்டர் ஆச்சு. கேக்க சிரிப்பாத்தான் இருக்கும், ஆனா அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வரல. நான் இவரோட வாழப்போறேனா, இவங்க அம்மாவோட வாழப்போறேனா? தோழிங்ககிட்ட சொன்னா "நீதான் ஏற்கனவே கல்யாணம் பண்ணிட்டியே, இப்ப என்ன புதுசா சந்தேகம்"ங்கறாங்க. – செங்காங் வாசகி

பதில்: தங்கச்சி, மொதல்ல உங்க தோழிங்களுக்குப் பதில் சொல்லிடறேன், ஏன்னா அவங்க சொன்னது சரியில்ல. சிங்கப்பூர்ல நம்ம பிள்ளைங்க நெறைய பேருக்குக் கல்யாணம் ரெண்டு தடவை நடக்குது, முதல்ல ஆர்ஓஎம், அப்புறம் தாலி, நடுவுல சில பேருக்கு வருஷக்கணக்குல ஆயிடுது. சட்டத்துக்கு நீங்க மனைவி, அம்மா வீட்டுல இன்னும் கல்யாணப் பொண்ணு, அவங்க வீட்டுக்குப் போனா விருந்தாளி. இப்படி ரெண்டுங்கெட்டான் நெலமைல இருக்குறவங்களுக்கு சந்தேகம் வரத்தான் செய்யும். வந்தா வாயத் தொறந்து சொல்லணும், அதான் முடிஞ்சு போச்சேன்னு யாரும் உங்க வாய அடைக்கக் கூடாது.

அதுக்காக சட்டத்த லேசாவும் எடுத்துக்க முடியாது. இன்னும் ஆர்ஓஎம் பண்ணாதவங்களும் இதப் படிப்பீங்க, உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். நிச்சயம் ஆன ஜோடின்னு ஃபியான்சே ஸ்கீம்ல பிடிஓ எடுக்குறவங்க அப்ளை பண்றதுக்கு முன்னாடியே ஆர்ஓஎம் பண்ணியாகணும்னு கட்டாயம் கிடையாது, சாவி வாங்கின 3 மாசத்துக்குள்ள மேரேஜ் சர்டிபிகேட்டக் கொடுத்தா போதும். எப்படியும் பண்ணத்தானே போறோம்னு நெறைய பேர் அவசரப்பட்டு முன்னாடியே பண்ணிடறாங்க. பண்ணின பிறகு பிரியணும்னா, கல்யாணம் ஆகி 3 வருஷம் ஆகாம விவாகரத்துக்குப் போக முடியாது, தாங்க முடியாத கஷ்டம் மாதிரி காரணத்த கோர்ட்ல நிரூபிச்சாத்தான் விதிவிலக்கு. கல்யாணமே செல்லாதுன்னு கேக்குறது வேற வழி, அதுக்குத் தனியா காரணங்கள் இருக்கணும், வக்கீல்கிட்டதான் போகணும். நீங்க அந்தப் பக்கம் யோசிக்க வேண்டிய கட்டம் இன்னும் வரலன்னுதான் எனக்குத் தோணுது, இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது.

இப்ப டைல்ஸுக்கு வர்றேன். அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்குற ஆம்பள கெட்டவன் இல்ல. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அவரு டைல்ஸத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தாரே, அப்ப உங்க மூஞ்சியப் பாத்தாரா? கான்ட்ராக்டருக்கே புரிஞ்சிருக்கு, இவருக்குப் புரிஞ்சுதா? பாக்கவே இல்லன்னா அது வளந்த விதம், முப்பது வருஷமா அம்மாதான் முடிவெடுத்திருப்பாங்க, இனிமே அப்படி இல்லன்னு யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க, நீங்க சொன்னா மாறக்கூடிய விஷயம். பாத்து, புரிஞ்சும் பேசாம இருந்தாருன்னா கொஞ்சம் கவனமா இருக்கணும், ஏன்னா நாளைக்கு அத்தைக்கும் உங்களுக்கும் நடுவுல ஒண்ணு வந்தா அன்னைக்கும் அவரு பேசாமத்தான் இருப்பாரு.

அதனால ராத்திரி வாட்ஸ்அப்ல எழுதாதீங்க. ஒரு சாயங்காலம் பிளாக் கீழ காப்பிக்கடையில போன உள்ள வச்சுட்டு ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்து பேசுங்க. "உங்க அம்மா எல்லாத்துலயும் தலையிடறாங்க"ன்னு ஆரம்பிச்சா அவரு அம்மாவுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பிச்சிடுவாரு, பேச்சு அங்கேயே நின்னுடும். "எனக்குப் புடிச்சது உங்களுக்கும் புடிச்சிருந்துச்சு, அப்புறம் ஏன் மாத்தினீங்க, எனக்கு அன்னைக்கு ரொம்ப கஷ்டமா போச்சு"ன்னு உங்களுக்கு நடந்தத மட்டும் சொல்லுங்க. கூடவே இன்னும் சில விஷயம் பேசி முடிச்சிடுங்க, மாசாமாசம் ரெண்டு பக்கத்து அப்பா அம்மாவுக்கும் எவ்வளவு கொடுக்கறது, ஞாயித்துக்கிழமை யார் வீட்டுல சாப்பாடு, குழந்தை பொறந்தா யாரு பாத்துக்கறது, முக்கியமா அந்த வீட்டோட உபரி சாவி யார்கிட்ட இருக்கப் போகுது. சிரிக்காதீங்க, எனக்கு வர்ற மாமியார் மருமக கடிதங்கள்ல அந்த உபரி சாவி எத்தன வீட்டுச் சண்டைக்குக் காரணமா இருந்திருக்குன்னு பாத்திருக்கேன். அத்தை வந்தா பெல் அடிச்சுட்டு வரணும், இது மரியாதைக் குறைவு இல்ல. இத அவங்ககிட்ட சொல்ல வேண்டியது நீங்க இல்ல, அவரு. அவரு போய் தன்மையா சொல்லிட்டு வர்றாருன்னா நிம்மதியா மருதாணி வச்சுக்குங்க. தாலிக்கு முன்னாடி அந்த ஒரு பேச்ச அவரால பேசவே முடியலன்னா, ரெண்டு பேருமா ஒரு கவுன்சலர்கிட்ட போயிட்டு வந்த பிறகு கோயிலுக்குப் போங்க.

கேள்வி: பத்து நாள்ல கல்யாணம். பொண்ண ரொம்ப புடிச்சிருக்கு. ஆனா அத்தன பேர் முன்னாடி மேடைல உக்காந்து தாலி கட்டணும்னு நெனச்சாலே கை நடுங்குது, முடிச்சு போட வராம போயிடுமோன்னு கனவெல்லாம் வருது. இது கல்யாணம் வேணாம்னு மனசு சொல்றதா? – பிடோக் வாசகர்

பதில்: இல்லவே இல்ல தம்பி. உங்களுக்கு மேடைதான் பயம், பொண்ணு இல்ல. பெரும்பாலான குடும்பங்கள்ல நீங்க போட வேண்டியது முதல் முடிச்சு மட்டும்தான், மத்த ரெண்டையும் உங்க அக்காவோ தங்கச்சியோ பின்னாடி நின்னு போட்டுடுவாங்க. உங்க வீட்டு வழக்கம் எப்படின்னு ஐயர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க, கை நடுங்குதுன்னும் அவருகிட்ட சொல்லிடுங்க, அவரு பாக்காத மாப்பிள்ளையா. வீட்டுல ஒரு மஞ்சக் கயித்த எடுத்து நாலு தடவை கட்டிப் பாருங்க. கெட்டிமேளம் கொட்டுற சத்தத்துல யாருக்கும் உங்க கை தெரியாது, அட்சதை போடுறதுலதான் எல்லாரும் மும்முரமா இருப்பாங்க.

கேள்வி: அக்கா, நான் பாலிடெக்னிக்ல மீடியா படிக்கிறேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ரொமான்டிக் காமெடி குறும்படம் எழுதுறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருக்குமே சந்தேகம் வந்துடுது, ரெண்டு பேரும் அத மத்தவங்ககிட்ட மறைக்கிறாங்க, இதுதான் கதை. இந்த மாதிரி கதை சின்ன ஊர்ல நடந்தாத்தான் நிக்கும்னு லெக்சரர் சொல்றாரு. சிங்கப்பூர்ல ஏதுக்கா சின்ன ஊரு? கும்பகோணத்துல நடக்குற மாதிரி எழுதிடட்டுமா? – பாசிர் ரிஸ் மாணவர்

பதில்: உங்க கேள்வி எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. உங்க லெக்சரர் சொல்றது சரிதான், சின்ன ஊர்ல ரகசியம் தங்காது, ஒருத்தர் மூஞ்சி வாடினா நாலு வீட்டுக்குத் தெரிஞ்சிடும், அதுலேர்ந்துதான் காமெடி பொறக்குது. ஆனா அதுக்காக நீங்க பாக்காத கும்பகோணத்துக்குப் போக வேணாம். இங்க இருக்குற சிட்டிசன், பிஆர்ங்கற நிரந்தரவாசி எல்லாரையும் சேத்தா இந்தியர்கள் நூத்துக்கு 9 பேர்தான், அதுல தமிழ் பேசுறவங்க இன்னும் கம்மி. நாம எல்லாரும் காய் வாங்குறது அதே தேக்கா, பூ வாங்குறது அதே கேம்பல் லேன் பக்கம், தைப்பூசத்துக்கு நடக்குறது அதே பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும், கல்யாணச் சாப்பாடு சாப்பிடுறதும் அதே ஏழெட்டு ஹால்லதான். கல்யாணப் பொண்ணு ஒருத்தி தேக்கா சென்டர்ல தனியா ஒரு மூலைல உக்காந்து டீயக் கூட குடிக்காம யோசிச்சுக்கிட்டு இருக்கட்டும், அவ எம்ஆர்டி ஏறி வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு பெரியம்மா அவ அம்மாவுக்கு போன் போட்டு "ஏண்டி, பொண்ணு ஒரு மாதிரி உக்காந்திருந்துச்சே, எல்லாம் சரியாத்தானே இருக்கு?"ன்னு கேட்டிருப்பாங்க. இதவிட சின்ன ஊர் எங்க இருக்கு?

எழுதும்போது ஒண்ணு கவனிச்சுக்குங்க. தாலி கட்டுற நேரத்துல வாசல்லேர்ந்து யாராவது "நிறுத்துங்க"ன்னு கத்துற காட்சி வேணாம், அது ஆயிரம் தடவை வந்தாச்சு, நெஜத்துல சந்தேகம் அப்படி வர்றதும் இல்ல. ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது வரும், பத்திரிகை ஓரத்துல மஞ்சள் தடவிக்கிட்டு இருக்கும்போது வரும், கேட்டரிங்காரரு "பாயாசமா கேசரியா"ன்னு கேக்கும்போது பதில் சொல்ல முடியாம கண்ணு கலங்கும், அவரு பாயாசத்துக்காகத்தான் அழுறாங்கன்னு நெனச்சு ரெண்டுமே போட்டுடறேம்மான்னு சொல்வாரு. வேலை நடந்துக்கிட்டே இருக்கணும், மனசு மட்டும் நின்னு போயிருக்கணும், அந்த எடத்துலதான் சிரிப்பும் அழுகையும் சேந்து வரும்.

இன்னொண்ணும் சொல்றேன், வேணும்னா எடுத்துக்குங்க. பிராமணக் கல்யாணத்துல காசி யாத்திரைன்னு ஒரு சடங்கு உண்டு, பாத்திருப்பீங்க. மாப்பிள்ளை குடை, கைத்தடி, விசிறி எல்லாம் எடுத்துக்கிட்டு எனக்குக் கல்யாணம் வேணாம், நான் காசிக்குப் போறேன்னு கிளம்புவாரு, பொண்ணோட அப்பா வழி மறிச்சு, என் பொண்ணக் கட்டிக்கிட்டு இல்லறம் நடத்துங்கன்னு கூட்டிட்டு வருவாரு. இங்க கோயில் ஹால்ல பண்ணும்போது கார்பார்க் வரைக்கும்தான் காசி, எல்லாரும் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஆம்பளைக்குத் தயக்கம் வரும்னு நம்ம பெரியவங்க சடங்காவே வச்சிருக்காங்க பாருங்க, அத யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல. பொண்ணுக்கு மட்டும் அப்படி ஒரு சடங்கு இல்ல. அவ தயங்கினா அபசகுனம். உங்க படத்துல அந்தக் குடைய பொண்ணு கையில கொடுத்துப் பாருங்க, அவளும் கார்பார்க் வரைக்கும் போகட்டும், அவளக் கூட்டிட்டு வர யாரு போறாங்க, என்ன சொல்லிக் கூட்டிட்டு வர்றாங்கன்னு எழுதுங்க. படம் முடிஞ்சதும் எனக்கு ஒரு லிங்க் அனுப்புங்க தம்பி, கட்டாயம் பாப்பேன்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வாரத்துல கல்யாணம். ஹாலுக்கு அட்வான்ஸ், கேட்டரிங், உருமி மேளம், அலங்காரம் எல்லாத்துக்கும் காசு கட்டியாச்சு, ஈப்போலேர்ந்து சொந்தக்காரங்க லீவு போட்டுட்டாங்க. இப்ப போய் மக தேதிய தள்ளி வைக்கணும்ங்கறா. பையன் கிரெடிட் கார்டு கடன மறைச்சு வச்சிருந்தான், வீட்டு லோனுக்குப் பேப்பர் எடுக்கும்போதுதான் இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பையன் நல்லவன்தான், கடன கட்டிடறேன்னு அழுறான். இவ அப்பா "ஊரு என்ன சொல்லும்"னு ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல. நான் என்ன செய்யறது? – அங் மோ கியோ தாயார்

பதில்: அம்மா, உங்க மக கேக்குறது கல்யாணம் வேணாம்னு இல்ல, கொஞ்சம் டைம். கொடுங்க. மூஞ்சியத் தூக்காம கொடுங்க. இந்த நேரத்துல வாயத் தொறந்து சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க, அட்வான்ஸ் போயிடுமேன்னு பயந்து தலைய நீட்டிட்டு அப்புறம் எனக்கு எழுதுறவங்கதான் அதிகம். அட்வான்ஸ் காசு எரிச்சலாத்தான் இருக்கும், சில பேர் தேதி மாத்திக் கொடுப்பாங்க, சில பேர் கொடுக்க மாட்டாங்க, இன்னைக்கே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேளுங்க, ஒரு நாள் தள்ளினாலும் போற காசு கூடும்.

கடன விட மறைச்சதுதான் பெருசு. அந்தப் பையனக் கெட்டவன்னு நான் சொல்லல, அவமானத்துல மறைக்கிறவங்க நெறைய பேர். ஆனா அழுதா மட்டும் பத்தாது, எல்லாத்தையும் மேசைல வைக்கணும். கிரெடிட் பீரோ சிங்கப்பூர்ல தன்னோட ரிப்போர்ட்ட யாரு வேணும்னாலும் வாங்கலாம், கொஞ்சக் காசுதான், பேங்க், கார்டு விவரம் அதுல வந்துடும். அவனே வாங்கிட்டு வந்து உங்க மககிட்ட காட்டட்டும், உங்க மகளும் தன்னோடத வாங்கிக் காட்டட்டும், அப்ப அது விசாரணை மாதிரி இருக்காது. நண்பர்கள்கிட்டயோ வேற யார்கிட்டயோ கைமாத்தா வாங்கினது அதுல வராது, அத வாயால கேக்கணும். அப்புறம் மாசம் எவ்வளவு கட்டுவான், எப்ப முடியும்னு ஒரு கணக்கு. ரெண்டு மூணு மாசம் சொன்னபடி கட்டறானான்னு பாத்துட்டுத் தேதி குறிங்க. எச்டிபி வீட்டுக்கும் லோனுக்கும் தகுதி இருக்கான்னு சொல்ற எச்எஃப்இ கடிதம் எடுக்கும்போது ரெண்டு பேரோட வருமானம், கடன் எல்லாம் சேத்துத்தான் பாப்பாங்க, இன்னைக்கு மறைச்சா அன்னைக்கு எப்படியும் வெளிய வந்துடும், வந்தும் விட்டுது.

ஊருக்கு ஒரே வரி போதும். "தேதி தள்ளிப் போயிருக்கு, புதுத் தேதி சொல்றோம்." ஏன்னு கேட்டாலும் அதே வரி. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாத்தான் கதை வளரும். உங்க வீட்டுக்காரருக்குப் பேச முடியலன்னா உங்க அண்ணனோ தம்பியோ ஈப்போவுக்கு போன் பண்ணட்டும், தாய்மாமன் சொன்னா யாரும் குறுக்கக் கேள்வி கேக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரருகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இந்த ரெண்டு நாள்ல அவரு பேசாம இருக்குறத மக தன் மேல கோவம்னு எடுத்துக்கிட்டு இருப்பா. பக்கத்துல போய் உக்காந்து ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க.

கேள்வி: எனக்கு 33 வயசு, பொறந்து வளந்தது சிங்கப்பூர். மன்னார்குடில பொண்ணு பாத்திருக்காங்க. நேர்ல போனப்ப பேச விடவே இல்லக்கா, திண்ணைல பெரியப்பா, உள்ள அஞ்சாறு அத்தைங்க, நான் எந்த எம்ஆர்டி ஸ்டேஷன்ல இறங்குவேன்னு தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. கடைசில ஹரித்ரா நதிங்கற தெப்பக்குளத்துக் கரைல நடக்க விட்டாங்க, அதுவும் கூட ஒரு குட்டிப் பையன அனுப்பிச்சாங்க, அவன் கடல தின்னுக்கிட்டே நாங்க பேசுறத எல்லாம் கேட்டுக்கிட்டு வந்தான். அவ கலகலன்னு பேசினா, எனக்கு ரொம்ப புடிச்சுப் போச்சு. ஆனா இங்க வந்த பிறகு நண்பர்கள் "அவ உன்ன கட்டிக்கறாளா, சிங்கப்பூரக் கட்டிக்கறாளா"ன்னு கேட்டுக்கேட்டு எனக்கும் அந்த சந்தேகம் வந்துடுச்சு. வேலை போயிடுச்சுன்னு ஒரு பொய் சொல்லிப் பாரு, அவ எப்படி நடந்துக்கறான்னு பாருன்னு ஒருத்தன் ஐடியா கொடுக்கறான். – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அந்த ஐடியா கொடுத்தவரோட நட்ப கொஞ்ச நாளைக்கு ஒத்தி வையுங்க. படத்துலதான் அந்தப் பொய் கடைசில சிரிப்பா முடியும். நெஜத்துல அந்தப் பொண்ணு ராத்திரி பூரா அழுது, அப்பாகிட்ட சொல்லி, அவரு நாலு பேர்கிட்ட கடன் கேட்டு, அப்புறம் அது பொய்னு தெரிஞ்சா உங்கள எப்படி நம்புவா? சோதிச்சுப் பாத்துத்தான் கட்டிக்கிட்டாருன்னு ஆயுசுக்கும் மனசுல நிக்கும்.

உங்க சந்தேகம் ஒண்ணு. அவளுக்கு எத்தன இருக்கும்னு யோசிச்சுப் பாத்தீங்களா? திருச்சிலேர்ந்து நாலு மணி நேரம் பறந்து, பேச்சு வழக்கே வேற மாதிரி இருக்குற ஊருக்கு வந்து, பன்னெண்டாவது மாடில உங்க அம்மாவோட பகல் பூரா இருக்கணும். உங்களோட சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டுப் போக அம்மா வீடு பக்கத்துல இல்ல. படிச்ச படிப்புக்கு இங்க வேலை கிடைக்குமா, கையில தனக்குன்னு காசு இருக்குமா, தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்புவாங்களான்னு எல்லாம் அவ மனசுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கும், திண்ணைல பெரியப்பா உக்காந்திருக்கும்போது எப்படிக் கேப்பா? கடல தின்ன பையன் இருக்கும்போதும் கேக்க முடியாது. அவளுக்கு சிங்கப்பூர் மேல ஆசை இருந்தா அதுல ஒரு தப்பும் இல்ல, நம்ம தாத்தா பாட்டிங்களும் அந்த ஆசையிலதான் கப்பல் ஏறினாங்க. உங்க மேலயும் ஆசை இருக்கான்னுதான் பாக்கணும், அது பேசப் பேசத்தான் தெரியும்.

அவங்க அப்பாகிட்ட மரியாதையா கேட்டு வாங்கி, வாரத்துல ரெண்டு மூணு நாள் அவளோட தனியா வீடியோ கால் பேசுங்க. உங்க பிளாட்ட சுத்திக் காட்டுங்க, பெயிண்ட் அடிச்ச பக்கத்த மட்டும் காட்டாதீங்க, துணி காயப் போடுற எடம், அவ தங்கப் போற ரூமு, உங்க சம்பளம், வீட்டுக் கடன், அம்மாவோட சுபாவம், எல்லாம் உள்ளது உள்ளபடி. அப்புறம் உனக்கு என்ன பயம்னு அவளக் கேளுங்க, கேட்டுட்டு சும்மா இருங்க, அவ சொல்லி முடிக்கட்டும்.

பேப்பர் வேலையையும் இப்பவே பாத்துடுங்க. சிட்டிசன் வெளிநாட்டவரக் கல்யாணம் பண்றதா இருந்தா கல்யாணத்துக்கு முன்னாடியே பிஎம்எல்ஏன்னு ஒரு அசெஸ்மென்ட்டுக்குக் குடிநுழைவு ஆணையமான ஐசிஏல விண்ணப்பிக்கலாம், அவளுக்கு நீண்ட கால வருகை பாஸ் கிடைக்க வாய்ப்பு இருக்கான்னு முன்கூட்டியே ஒரு ஐடியா கிடைக்கும், தாலி கட்டிட்டு ரெண்டு பேரும் ரெண்டு நாட்டுல தவிக்க வேணாம். அந்த பாஸ் கிடைச்ச உடனே வேலைக்குப் போயிடலாம்னு நெனச்சுக்க வேணாம், வேலைக்கு எம்ஓஎம், அதான் மனிதவள அமைச்சு, கொடுக்குற அனுமதி தனி. கல்யாணம் அங்க நடந்தா அங்கேயே பதிவு பண்ணிடுங்க, தமிழ்நாட்டுல 2009ஆம் வருஷச் சட்டப்படி பதிவு கட்டாயம். அங்க சட்டப்படி முடிஞ்ச கல்யாணத்த இங்க வந்து மறுபடி ஆர்ஓஎம் பண்ண வேண்டியதில்ல, அந்த சர்டிபிகேட்தான் எல்லா எடத்துலயும் கேப்பாங்க, நல்லபடியா எடுத்து வச்சுக்குங்க. இதெல்லாம் அவளுக்கும் சொல்லுங்க. சிங்கப்பூர்னா உடனே வேலை, உடனே பிஆர்னு யாராவது அவகிட்ட சொல்லி வச்சிருந்தா அந்த நெனப்பு உங்க வாயாலேயே தெளியட்டும். தெரிஞ்ச பிறகும் வர்றேன்னு சொன்னா உங்க நண்பர்களுக்கு நீங்க பதில் சொல்லவே வேணாம்.

கேள்வி: நிச்சயம் ஆன நாள்லேர்ந்து அவரு என் போன வாங்கிப் பாக்குறாரு, ஆபீஸ்ல யார்கூட சாப்பிட்டேன்னு கேக்குறாரு. போன மாசம் கார்ல சண்டை வந்தப்ப கைய முறுக்கிட்டாரு, அப்புறம் அழுது மன்னிப்பு கேட்டாரு. கல்யாணம் ஆனா சரியாயிடும்னு அம்மா சொல்றாங்க. – ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: ஆகாதும்மா. இத மத்த கடிதங்களோட சேக்காதீங்க, இது கல்யாணத்துக்கு முன்னாடி வர்ற சாதாரண பயம் இல்ல. உங்க மேல கை வச்சாச்சு. கல்யாண வேலைய இன்னைக்கே நிறுத்துங்க, அவரு கூட தனியா கார்ல போகாதீங்க, உங்கள நம்புற ஒருத்தர்கிட்ட, அக்காவோ சித்தியோ தோழியோ, நடந்தத முழுசா சொல்லுங்க. 1800-777-0000ங்கற வன்முறைத் தடுப்பு உதவி எண் 24 மணி நேரமும் இருக்கு, பேசுங்க. ஆபத்துன்னு தோணினா 999. உங்க அம்மா இதப் படிச்சா அவங்களுக்கும் சொல்றேன், பொண்ணு வீட்டுல இருக்கறது அவமானம் இல்ல, அவள இந்த எடத்துக்கு அனுப்பிடாதீங்க.

கேள்வி: ஆர்ஓஎம்மையும் தாலியையும் ஒரே நாள்ல வைக்கலாமா? ரெண்டு தடவை கல்யாணம் ஆகாதுன்னு எங்க பாட்டி ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. – தோ பாயோ ஜோடி

பதில்: தாராளமா வைக்கலாம், பாட்டி பக்கம்தான் நானும். வீட்டு அவசரம் இல்லாதவங்களுக்கு இதுதான் நல்லது, செங்காங் தங்கச்சி மாதிரி நடுவுல தவிக்க வேணாம். சட்டப்படி கல்யாணத்த நடத்தி வைக்கிற லைசன்ஸ் உள்ள சாலமனைசர் கோயிலுக்கோ ஹாலுக்கோ வந்தே நடத்தி வைப்பாரு, முகூர்த்த நாள்ல அவங்க கிடைக்கறது கஷ்டம், அதனால ஹால் புக் பண்ணும்போதே அவரையும் புக் பண்ணிடுங்க. நோட்டீஸ கல்யாணத்துக்கு குறைஞ்சது 21 நாள் முன்னாடி ஆன்லைன்ல கொடுக்கணும், ஒருத்தராவது சிட்டிசனோ பிஆரோ இருந்தா கட்டணம் 42 வெள்ளி. 21 வயசு நிரம்பின ரெண்டு சாட்சி வேணும், மாமா ஒருத்தர், சித்தப்பா ஒருத்தர்னு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஒவ்வொருத்தரா வச்சா யாருக்கும் மனஸ்தாபம் வராது. இன்னொண்ணு, கல்யாணம் ஆன உடனே, நமக்கு அப்புறம் சிபிஎஃப் சேமிப்பு யாருக்குப் போகணும்னு முன்னாடி எழுதி வச்ச நாமினேஷன் ரத்தாயிடும், புதுசா எழுதணும், இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல. ஒரே நாள்ல வச்சா தாலி கட்டின கையோட ஆர்ஓஎம்மையும் முடிச்சுட்டு அப்புறம் பந்திக்குப் போங்க, பந்தி ஆரம்பிச்சுட்டா சாட்சி போட வேண்டிய மாமாவத் தேடிப் புடிக்க முடியாது.